விமானம் பறக்கும் நேரமும் வியாபாரி கணக்கிட வேண்டிய நேரமும்

வெளிநாட்டுக்குச் சரக்குக் கொண்டு செல்லும் நமது வியாபாரிகளிடமும், அங்கிருந்து சரக்கு எடுத்து வருபவர்களிடமும், ஓர் ஊர் கிட்டவா தூரமா என்று கேட்டுப் பாருங்கள். "சென்னை ஒன்றரை மணித்தியாலம், பாங்கொக் மூன்றரை, டுபாய் நாலரை" என்று வாய்ப்பாடு சொல்வது போல் சொல்லிவிடுவார்கள். டிக்கட்டைப் பார்த்தால் இந்தக் கணக்கில் தவறு எதுவும் தெரியாது.

ஆனால் இது விமானக் கம்பனியின் கணக்கு. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்பவருக்கும், மாவனல்லையில் புடவைக்கடை வைத்திருப்பவருக்கும், பலாங்கொடையில் பலசரக்கு வியாபாரம் செய்பவருக்கும் இது போதாது. நமது கணக்கு கடைக்கதவைப் பூட்டும் நேரத்தில் ஆரம்பித்து, வாங்குபவரின் மேசை முன்னால் உட்காரும் நேரத்தில் முடிய வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அறியாமல் டிக்கட் எடுப்பதால் பணத்தையும் நாளையும் இழப்பவர்களைக் கல் வியாபாரத்தில் நான் அடிக்கடி காண்கிறேன். எனவே இவ்வாரம் இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தூரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று சொல்லப்படுவது பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். பூமி உருண்டையாக இருப்பதால், சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் இந்தக் கோடு சில வேளை வளைந்ததாகத் தெரியும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அதுதான் நேர்வழி என்பது விளங்கும்.

இதே தூரத்தை மூன்று அளவில் சொல்வார்கள். நாம் கிலோமீற்றரில் சொல்கிறோம். சிலர் சாதாரண மைலில் சொல்வார்கள். விமானிகள் கடல் மைலில் கணக்கிடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 645 கிலோமீற்றர். மைலில் சுமார் 400. கடல் மைலில் சுமார் 348. ஓர் இடத்தில் 400 என்றும் இன்னோர் இடத்தில் 348 என்றும் பார்த்துவிட்டு எது சரி என்று குழம்பத் தேவையில்லை. மூன்றும் ஒன்றுதான்.

நமது வியாபாரிகள் அதிகம் போய்வரும் ஊர்களின் தூரத்தைக் கீழே தருகிறேன். இவை கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில், அண்ணளவாக:

திருச்சி – 415 கிலோமீற்றர்
சென்னை – 645 கிலோமீற்றர்
பாங்கொக் – 2,390 கிலோமீற்றர்
கோலாலம்பூர் – 2,465 கிலோமீற்றர்
சிங்கப்பூர் – 2,750 கிலோமீற்றர்
டுபாய் – 3,290 கிலோமீற்றர்
ஹொங்கொங் – 4,010 கிலோமீற்றர்
ஜித்தா – 4,650 கிலோமீற்றர்

தூரத்திலிருந்து நேரத்தை எப்படி அறிவது?

பெரிய ஜெற் விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணித்தியாலத்துக்குச் சுமார் 850 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆனால் பிரயாணம் முழுவதும் அந்த வேகம் இருப்பதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும், மேலெழ வேண்டும், கடைசியில் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும், இறங்கிய பின்னும் நிறுத்துமிடம் வரை ஊர்ந்து வர வேண்டும். டிக்கட்டில் போடப்படும் நேரம், விமானம் ஓரிடத்தில் நின்ற நிலையிலிருந்து நகர ஆரம்பிப்பது முதல் மற்ற இடத்தில் நிறுத்தப்படும் வரையிலான நேரமாகும். சிறு தாமதங்களைச் சமாளிக்கக் கம்பனிகள் அதிலேயே சில நிமிடங்களைச் சேர்த்தும் வைப்பார்கள்.

ஆகவே மனக்கணக்காக ஒரு வழி சொல்கிறேன். தூரத்தை 800ஆல் வகுத்து, வரும் நேரத்துடன் 35 நிமிடத்தைக் கூட்டுங்கள். சென்னைக்கு 48 நிமிடமும் 35 நிமிடமுமாக 1 மணித்தியாலம் 23 நிமிடம் வரும். பாங்கொக்குக்கு 3 மணித்தியாலம் 35 நிமிடம். டுபாய்க்கு 4 மணித்தியாலம் 40 நிமிடம். நேரடி விமானங்களின் அட்டவணையைப் பார்த்தால் இதற்குப் பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்தக் கணக்கு பிழைக்கும் இடங்களும் உண்டு. முதலாவது, விமானத்தின் வகை. யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கு அடுத்த மாதம் ஆரம்பித்த சேவை 2020இல் கொரோனாவினால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவிலிருந்து போவதில் பாதியைவிடச் சற்றுக் கூட. ஆனாலும் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவுக்கு வரும். காரணம், அவ்வழியில் ஓடுவது விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். வகை விமானம். அதன் வேகம் மணித்தியாலத்துக்குச் சுமார் 500 கிலோமீற்றர். தூரம் வெகுவாகக் குறைந்தும் நேரம் சில நிமிடங்களே குறைகின்றது.

இரண்டாவது, காற்று. டுபாய் போன்ற மேற்கு ஊர்களுக்குப் போகும்போது பொதுவாகக் காற்று எதிர்த்து வீசும். திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் போகும் பிரயாணம் வரும் பிரயாணத்தைவிட அரை மணித்தியாலம் வரை கூடுதலாக எடுக்கலாம்.

மூன்றாவது, நாட்டு நிலைமை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது கட்டுநாயக்கவில் விமான எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அப்போது இங்கிருந்து புறப்பட்ட சில விமானங்கள் திருவனந்தபுரம் போன்ற இந்திய விமான நிலையங்களில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டே மேற்கொண்டு சென்றன. தூரம் மாறவில்லை, நேரம் மாறியது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. சிங்கப்பூர், மலேசியா, ஹொங்கொங் ஆகியவை இரண்டரை மணித்தியாலம் முந்தியவை. டுபாய் ஒன்றரை மணித்தியாலமும், சவூதி அரேபியா இரண்டரை மணித்தியாலமும் பிந்தியவை. இந்தியாவுக்கும் நமக்கும் இப்போது ஒரே நேரம்.

'இப்போது' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996 மே மாதம் நமது நாட்டில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வைத்தார்கள். 2006 ஏப்ரலில் இன்னுமோர் அரை மணித்தியாலம் பின்னே வைத்துப் பழைய நேரத்துக்கே வந்தோம். இடைப்பட்ட ஏறத்தாழ பத்து வருட காலம் நாம் இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முந்தியிருந்தோம். ஆகவே ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் எடுக்கும் சென்னைப் பிரயாணம், போகும் டிக்கட்டில் ஐம்பது நிமிடம் போலவும் வரும் டிக்கட்டில் ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் போலவும் தெரியும். "போகும் விமானம் வேகமானது" என்று நம்பியவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து திகதியில் இருக்கிறது. நமது நாட்டிலிருந்து கிழக்கே செல்லும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டியே புறப்படுகின்றன. டிக்கட்டில் '12ஆம் திகதி, 00.45' என்று இருந்தால், நீங்கள் 11ஆம் திகதி மாலையே வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இளம் வியாபாரி 12ஆம் திகதி இரவு இஷாவுக்குப் பின் ஆறுதலாகப் புறப்பட்டு, 13ஆம் திகதி அதிகாலை விமான நிலையத்துக்குப் போய் நின்றார். அவரது விமானம் போய் ஒரு நாள் கழிந்திருந்தது. பாங்கொக்கில் அவருக்காகக் காத்திருந்தவர் அதே அளவுக் கற்களை வேறொருவரிடம் வாங்கிவிட்டார். டிக்கட் கையில் கிடைத்ததும் திகதிக்குப் பக்கத்தில் "எந்தக் கிழமை இரவு" என்று பேனையால் எழுதி வைப்பது நல்லது.

கட்டுநாயக்க வரை போகும் தூரம்

இரத்தினபுரி நகரிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 80 கிலோமீற்றர் அளவில்தான் வரும். ஆனால் நமக்குச் சிறகு இல்லை. அவிசாவளை வழியாக வீதியில் போனால் சுமார் 120 கிலோமீற்றர். முன்பு கொழும்புக்குள் புகுந்து, பேலியகொடை, வத்தளை, ஜா-எல நெரிசலில் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையும், 2019 நவம்பரில் வெளிச் சுற்றுவட்ட நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதியும் திறந்த பிறகு, கடுவெலயில் ஏறினால் கொழும்புக்குள் போகாமலே விமான நிலையத்துக்குப் போய்ச் சேரலாம். இருந்தும் இரத்தினபுரிக்கும் கடுவெலக்கும் இடையே உள்ளது பழைய வீதிதான். குருவிட்டை, எஹலியகொடை, அவிசாவளை, ஹங்வெல்லை என்று ஒவ்வொரு பட்டினத்திலும் நேரம் போகும். ஏதும் ஏற்பட்டாலும் சமாளிக்கும்படி மூன்றரை மணித்தியாலத்தை ஒதுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இரத்தினபுரிக்கு ரயில் வந்தது. களனிவெளிப் பாதையின் அவிசாவளைக்கு அப்பாலுள்ள தண்டவாளம் 1970களில் கைவிடப்பட்ட பின் நமக்கு வீதியைத் தவிர வேறு வழியில்லை. வீதியை நம்பியிருப்பவர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகியபோது இரத்தினபுரி எப்படி இருந்தது என்பதை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மே, ஜூன் மாதங்களில் கடும் மழை எச்சரிக்கை இருக்குமானால், முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்குவதுதான் புத்தி. ஓர் இரவு அறை வாடகை, தவறிப்போகும் டிக்கட்டைவிட மலிவு.

கேகாலை வியாபாரிகள் இவ்விடயத்தில் அதிர்ஷ்டசாலிகள். கேகாலையிலிருந்து கட்டுநாயக்க சுமார் 70 கிலோமீற்றர். இரண்டு மணித்தியாலம் போதும். இரத்தினபுரியாரைவிட அவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். இது சென்னைக்குப் பறக்கும் நேரத்தை விடவும் கூட.

முழுக் கணக்கு

இப்போது இரத்தினபுரிக் கடையிலிருந்து முழுப் பிரயாணத்தையும் கூட்டிப் பார்ப்போம்.

சென்னை மண்ணடிக்குப் போகும் ஒருவர்: விமான நிலையம் வரை மூன்றரை மணித்தியாலம், அங்கே சோதனை, குடிவரவு, காத்திருப்பு மூன்று மணித்தியாலம், விமானத்தில் 1 மணித்தியாலம் 25 நிமிடம், சென்னையில் குடிவரவும் சாமான் எடுப்பதும் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து மண்ணடிக்கு ஒரு மணித்தியாலம். மொத்தம் சுமார் பத்து மணித்தியாலம்.

பாங்கொக் சீலோம் வீதிக்குப் போகும் ஒருவர்: விமான நிலையம் வரை மூன்றரை, காத்திருப்பு மூன்று, விமானத்தில் 3 மணித்தியாலம் 35 நிமிடம், சுவர்ணபூமி விமான நிலையத்தில் ஒன்றேகால், சீலோமுக்கு ஒரு மணித்தியாலம். மொத்தம் 12 மணித்தியாலம் 20 நிமிடம்.

இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாங்கொக் சென்னையைவிட ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆனால் இரத்தினபுரி வியாபாரியின் முழுப் பிரயாண நேரம் கால் பங்குதான் கூடுகிறது. சென்னைக்குப் போகும் பத்து மணித்தியாலத்தில் விமானம் எடுப்பது ஏழில் ஒரு பங்கு மாத்திரமே. மிகுதி அனைத்தும் நிலத்தில் செலவாகின்றது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, "சென்னை கிட்ட, காலையில் போய் மாலையில் வரலாம்" என்று நினைத்து ஒரே நாளில் வேலையை முடிக்கத் திட்டமிடுவது இரத்தினபுரியாருக்குப் பொருந்தாது. மற்றது, "பாங்கொக் தூரம்" என்று பயந்து, பக்கத்தில் கிடைக்கும் விலைக்கே கல்லைக் கொடுத்துவிட வேண்டியதும் இல்லை. நல்ல விலை அங்கே இருக்குமானால், அதற்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது இரண்டரை மணித்தியாலம்தான்.

தூரம் ஒன்று, பிரயாணம் வேறு

இன்னோர் உதாரணம் கல் வியாபாரிகளுக்கு நன்கு தெரிந்தது. 1998இல் மடகஸ்கார் நாட்டின் இலக்காக்காவில் பெருமளவு நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்ட பின் நம்மவர்கள் பலர் அங்கே போனார்கள். அந்நாட்டுத் தலைநகர் அந்தனநாரிவோ கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 4,580 கிலோமீற்றர். ஜித்தாவின் தூரம் 4,650. இரண்டும் ஏறக்குறைய சமன். மடகஸ்கார் சற்றுக் குறைவு என்றே சொல்லலாம்.

ஆனால் உம்ராவுக்குப் போகிறவர் நேரடி விமானத்தில் ஏறினால் ஆறரை மணித்தியாலத்துக்குள் ஜித்தாவில் இறங்குவார். மடகஸ்காருக்குப் போகிறவர் வேறொரு நாட்டில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறியே போக வேண்டும். பிறகு தலைநகரிலிருந்து இலக்காக்காவுக்குத் தரைவழியே சுமார் 700 கிலோமீற்றர். ஒருவர் ஸுபஹுக்குப் புறப்பட்டு அன்றே போய்ச் சேருகிறார். மற்றவருக்கு இரண்டு, மூன்று நாள் வேண்டும்.

விமானத்தின் நேரத்தை நிர்ணயிப்பது கிலோமீற்றர் என்றால், பிரயாணியின் நேரத்தை நிர்ணயிப்பது நேரடிச் சேவை இருக்கிறதா இல்லையா என்பதுதான். நேரடிச் சேவை எப்போது வரும்? இரு ஊர்களுக்கும் இடையே தினமும் போதிய ஆட்கள் போய்வந்தால் வரும். விமான நிலையம் கட்டுவதால் மாத்திரம் வராது. எம்பிலிப்பிட்டியாவுக்குப் பக்கத்தில் 2013 மார்ச்சில் மத்தல விமான நிலையத்தைத் திறந்தார்கள். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளவர்களுக்குக் கட்டுநாயக்கவைவிட அது மிகக் கிட்ட. ஆனால் வழக்கமான சேவைகள் அங்கே நிலைத்து நிற்கவில்லை. ஆகவே எம்பிலிப்பிட்டியாவிலுள்ள வியாபாரியும் நாட்டின் நீளத்தில் பாதியைத் தாண்டிக் கட்டுநாயக்கவுக்கே போகிறார்.

மலிவு டிக்கட்டின் உண்மையான விலை

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். ஒரு வியாபாரி பாங்கொக் போகிறார். நேரடி விமானம் ஒரு விலை. வேறொரு நாட்டில் இறங்கி நீண்ட நேரம் காத்திருந்து போகும் விமானம் அதைவிட 22,000 ரூபா மலிவு. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு நாள் கூடுதலாகச் செலவாகும். எதை எடுப்பது? பெரும்பாலானோர் யோசிக்காமல் மலிவானதை எடுப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். அவர் கையில் கொண்டு செல்வது 50 இலட்சம் ரூபா முதலுள்ள கற்கள். இந்த முதலைச் சுழற்றி மாதம் 3 வீதம் இலாபம் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,50,000, நாளொன்றுக்கு 5,000 ரூபா. இரண்டு நாள் முதல் முடங்கினால் 10,000. ஊரில் கடை மூடியிருப்பதால் நாளொன்றுக்கு 6,000 வீதம் 12,000. இடையில் தங்கும் இடத்தில் சாப்பாடும் அறையும் 9,000. மொத்தம் 31,000 ரூபா. 22,000ஐ மிச்சப்படுத்தப் போய் 31,000 செலவாகியிருக்கிறது. இதற்குள் களைப்பையும், விலைமதிப்புள்ள சரக்கை வைத்துக்கொண்டு அந்நிய ஊர் விமான நிலையத்தில் இரவு முழுக்க விழித்திருக்கும் மனப்பயத்தையும் நான் சேர்க்கவில்லை.

கற்கள் நமது சொந்த முதலாக இல்லாமல், பிறர் நம்பிக்கையில் கொடுத்தவையாக இருந்தால் பொறுப்பு இன்னும் கூடும். கொடுத்தவரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். சொன்ன நாளில் காசோ கல்லோ திரும்பி வராவிட்டால் அடுத்த முறை அவர் கை நீளாது. கல் வியாபாரத்தில் அந்த நம்பிக்கைதான் உண்மையான முதல். இரண்டு நாள் தாமதத்தில் அது குறைவதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூடுதலாகப் போகும் அந்த இரண்டு நாளில் உங்களுக்கு வேறு நட்டம் எதுவும் இல்லை என்றால், அல்லது கடையைப் பார்க்க மகனோ தம்பியோ இருந்தால், மலிவு டிக்கட்டே இலாபம். எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. உங்கள் ஒரு நாளின் பெறுமதி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால் எந்த டிக்கட் மலிவு என்பது தானாகவே தெரியும்.

கிழமையையும் பாருங்கள்

தாய்லாந்தின் கல் சந்தை என்றால் நமது பழைய வியாபாரிகள் சந்தபுரியைத்தான் சொல்வார்கள். எழுபதுகளில் இங்கே அதிகம் மதிப்பில்லாமல் கிடந்த கெவுடாக் கற்களை வாங்கிச் சென்று, சூடாக்கி, நீலக்கல்லாக மாற்றி அந்த ஊர் வளர்ந்தது. பாங்கொக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 245 கிலோமீற்றர். வீதியில் நாலு மணித்தியாலம் போகும். 2006 செப்டம்பரில் திறந்த சுவர்ணபூமி விமான நிலையம் பாங்கொக்கின் கிழக்குப் பக்கத்தில் இருப்பது இவர்களுக்கு வசதி. நகருக்குள் போகாமலே அங்கிருந்து நேராகச் சந்தபுரிக்குப் போகலாம்.

அந்தச் சந்தை களைகட்டுவது வெள்ளி முதல் ஞாயிறு வரை. திங்கட்கிழமை போய் இறங்கினால் நாலு நாள் அறை வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கே இன்னுமொரு விடயம். வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லும் கற்களைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் காட்டி, ஏற்றுமதிக்கான வேலைகளை முடிக்க வேண்டும். அது அரசாங்கக் காரியாலயம். சனி, ஞாயிறும் போயா தினமும் அங்கே வேலை நடக்காது. ஆகவே சந்தபுரிக்குப் போகிறவர் புதன்கிழமைக்குள் காகித வேலையை முடித்து, வியாழன் இரவு விமானம் ஏறினால், வெள்ளி காலை அங்கே இறங்கி, அன்று பின்நேரமே சந்தையில் இருக்கலாம். அந்த வாரத்தில் போயா வந்தால் இன்னும் ஒரு நாள் முந்த வேண்டும்.

அவ்வாறே ஏப்ரல் நடுப்பகுதியில் தாய்லாந்தில் சொங்க்ரான் புதுவருடம். ஹொங்கொங், சிங்கப்பூரில் சீனப் புதுவருடம். அந்நாட்களில் டிக்கட் விலை கூடும், வாங்குபவரும் ஊரில் இருக்க மாட்டார். மூன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்து மூன்று நாள் சும்மா இருப்பதில் என்ன பிரயோசனம்?

தோட்டத்திலிருந்து புறப்படுபவர்கள்

கடைசியாக, வேன் வாடகைக்கு விடும் சகோதரர்களுக்கும் டிக்கட் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பலர் இப்போது விமானம் ஏறுகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா போன உறவினர்களைப் பார்க்கத் திருச்சிக்குப் போகிறார்கள். முன்பு இவர்கள் தலைமன்னாருக்கு ரயிலிலும் அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலிலும் போனார்கள். 1984இல் அந்தக் கப்பல் நின்ற பிறகு விமானமே வழியாயிற்று.

திருச்சி 415 கிலோமீற்றர். பறப்பது ஒரு மணித்தியாலம் சொச்சம். ஆனால் மலை லயத்திலிருந்து தோட்டப் பாதையில் இறங்கி பெரிய வீதிக்கு வரவே ஒரு மணித்தியாலம் எடுக்கும் இடங்கள் உண்டு. பலாங்கொடை இரத்தினபுரிக்கு அப்பால் இன்னும் 40 கிலோமீற்றருக்கு மேல். முதல் தடவை போகிறவருக்கு விமான நிலைய நடைமுறையும் தெரியாது. அவர்கள் நம்பியிருப்பது உங்கள் வார்த்தையைத்தான். "இரவு ஒரு மணிக்கு விமானம், பத்து மணிக்கு இருந்தால் போதும்" என்று மாத்திரம் சொல்லாமல், "இன்ன கிழமை மாலை நாலு மணிக்கு வேன் வாசலுக்கு வரும்" என்று சொல்லுங்கள். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து எடுத்த டிக்கட் அது. ஒரு தவறு நடந்தால் அவர்களால் இன்னொன்று எடுக்க முடியாது.

சுருக்கமாக

டிக்கட் எடுக்கப் போகுமுன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். என் வாசலிலிருந்து அவர் வாசல் வரை எத்தனை மணித்தியாலம்? இது நேரடி விமானமா, இடையில் இறங்குவதா? திகதியில் உள்ள நள்ளிரவு எந்தக் கிழமை இரவு? நான் போய்ச் சேரும் நாளில் அங்கே சந்தை இருக்கிறதா, இங்கே காரியாலயம் திறந்திருக்கிறதா? என் ஒரு நாளின் பெறுமதி என்ன?

இந்த ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால், விமான டிக்கட்டின் விலை ஆறாவது கேள்விதான். நம்மில் பலர் அதையே முதலாவதாகவும் கடைசியாகவும் கேட்கிறோம். வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பிரயாணத்திலேயே வித்தியாசம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.